கரையில் நண்டு மலிவு, காரைக்குடியில் நண்டு விலை: கொரோனா காலத்தில் நடந்தது என்ன?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். 2020 ஊரடங்கில் ஜெகதாப்பட்டினத்தில் நண்டு வாங்க ஆளில்லாமல் அடிமாட்டு விலைக்குப் போனதாம். அதே வாரம் காரைக்குடியில் அவருடைய பெரியம்மா வீட்டில் நண்டு வாங்கியபோது வழக்கத்தைவிடக் கூடுதல் விலை. நடுவில் கொள்ளையடித்தது யார்? இது முதல் கேள்வி. இரண்டாவது, மீமிசல் பக்கம் ஓர் இறால் பண்ணையைக் குத்தகைக்கு எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால் அந்தப் பண்ணை என்ன கதி ஆகும்?

நான் இந்தத் தொழிலில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். முதலில் ஒரு தீவன டீலரிடம் டெக்னீஷியன், அப்புறம் ஒரு நண்பரோடு கூட்டாக இரண்டு குளம், இப்போது காரைக்குடியில் மெஸ்களுக்கு இறாலும் நண்டும் சப்ளை. அதனால் மூன்று பக்கத்து வசவையும் வாங்கியிருக்கிறேன்.

கொள்ளை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை தம்பி. நடந்திருந்தால் அதில் கொஞ்சம் என் பக்கமும் ஒதுங்கியிருக்கும். கரையில் இருந்த விலையும் காரைக்குடியில் இருந்த விலையும் அந்த வாரங்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விலைகள். ஒன்றை அமெரிக்காவில் இருக்கும் உணவகம் தீர்மானித்தது, இன்னொன்றை நம் ஊர் செக்போஸ்ட் தீர்மானித்தது.

முதலில் செக்போஸ்ட்டைச் சொல்கிறேன். செட்டிநாட்டுக்குக் கடல் பக்கம்தான், ஆனால் கடல் நம் மாவட்டத்தில் இல்லை. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம். அந்த மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் மணமேல்குடியும் புதுக்கோட்டை மாவட்டம். தொண்டி ராமநாதபுரம் மாவட்டம். அறந்தாங்கி வழியாக வந்தாலும் திருவாடானை வழியாக வந்தாலும் மீன் வண்டி இரண்டு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடும், வழியில் மாவட்ட எல்லையைத் தாண்டியதை டிரைவர்கூடக் கவனிக்க மாட்டார். 2020 மார்ச் 25-க்கு அப்புறம் அந்த எல்லை ஒவ்வொன்றிலும் ஒரு தடுப்பு முளைத்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் என்பது ஆகஸ்ட் கடைசி வரை இழுத்தது.

மீன் அத்தியாவசியப் பொருள்தானே என்பீர்கள். மீன்பிடிப்புக்கும் பண்ணைகளுக்கும் ஊரடங்கிலிருந்து விலக்கு உண்டு என்று மத்திய உள்துறை தெளிவாக எழுதியது ஏப்ரல் 10-ஆம் தேதி. அதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டது. ஐந்தாவது நாளே, ஏப்ரல் 15-ல், நம் கிழக்குக் கரையில் வருடாந்திர தடைக்காலம் ஆரம்பம். வழக்கமாக 61 நாள். அந்த வருடம் மட்டும் 47 நாளாகக் குறைத்து மே 31-ல் முடித்தார்கள். ஆக விசைப்படகுகளுக்கு அந்த விலக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். நாட்டுப்படகுகள் போகலாம், போனார்கள், நண்டும் கொண்டு வந்தார்கள்.

கொண்டு வந்ததை வைக்க ஐஸ் இல்லை. வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத விஷயம் இது. கரையில் இருக்கும் ஐஸ் கம்பெனி விசைப்படகை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு விசைப்படகு கடலுக்குப் போகும்போது பார் பாராக ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும். நாட்டுப்படகுக்காரர் வாங்குவது உடைத்த ஐஸ் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும்போது அந்த இரண்டு பெட்டிக்காக அம்மோனியா கம்ப்ரசரை ஓட்டினால் கரண்ட் பில்லுக்குக்கூடக் கட்டாது. அதனால் கம்பெனி மூடிக்கிடந்தது. வலையில் நண்டு இருக்கிறது, கரையில் ஐஸ் இல்லை.

மற்ற மீனுக்கு இதற்கு மாற்று உண்டு. சாளையை உப்புப் போட்டுக் காயவைக்கலாம், பொடி இறாலைக் காயவைக்கலாம். உப்பும் வெயிலும் இ-பாஸ் கேட்காது. அந்த வருடம் கருவாடு இந்தப் பக்கம் நன்றாகவே ஓடியது, மளிகைக் கடையில்கூடத் தொங்கியது. நண்டைக் கருவாடாக்க முடியாது. பாக் நீரிணையில் வலைக்கு வரும் நீலக்கால் நண்டு வலையிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். செத்த நண்டு ஐஸ் இல்லாமல் இருந்தால் சதை தண்ணீராகக் கரைந்து, ஓட்டைத் திறந்தாலே மூக்கில் அடிக்கும். பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும், இல்லை புதைக்க வேண்டும்.

சரி, சாதாரண நாளில் அந்த நண்டு எங்கே போகிறது? காரைக்குடிக்கு வருவது ஒரு கைப்பிடி. மீதி கரையிலேயே அவிபடும். ஏஜென்ட் பெரிய பாத்திரத்தில் அவித்து, ஆறவைத்து, ஐஸில் வைத்து, நண்டு சதை எடுக்கும் ஷெட்டுக்கு அனுப்புவார். அங்கே நீளமான ஸ்டீல் மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்று சின்னக் கத்தியால் சதை எடுப்பார்கள். நீச்சல் காலுக்கு மேலே இருக்கும் முழுத் துண்டு ஜம்போ, அடுத்தது லம்ப், கடைசியில் கொடுக்கிலிருந்தும் காலிலிருந்தும் வரும் கிளா மீட். ஜம்போவை உடைக்காமல் எடுக்கும் கைக்குத் தனி மரியாதை. சதை டப்பாவில் அடைபட்டு, பாஸ்ச்சரைஸ் ஆகி, குளிர்பெட்டியில் அமெரிக்கா போய், அங்கே உணவகங்களில் நண்டு கேக்காக மாறும். 2020 மார்ச் பாதியில் அந்த உணவகங்கள் மூடின. இங்கே சதை எடுக்கும் மேசையில் தோளோடு தோள் நிற்கக்கூடாது என்றார்கள். ஏஜென்ட் தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நண்டு விலை விழுந்ததற்குக் காரணம் இதுதான். காரைக்குடியில் நண்டு கூடுதல் விலைக்கு விற்றதற்குக் காரணம், வந்த ஒன்றிரண்டு கூடைக்கு இருபது பேர் நின்றது.

அந்தக் கூடையைக் கொண்டு வந்தவர்களையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குத் தொண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா முதல் பஸ் பிடித்து வருவார். அலுமினிய அன்னக்கூடை, மேலே ஈரச் சாக்கு, கூடைக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட். முகப்பில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆச்சியிடம் பேரம் பேசுவது மீன் விற்பதைவிட நீளமாகப் போகும். மார்ச் 24 சாயங்காலத்தோடு பஸ் நின்றது. ஜூனில் கொஞ்சம் ஓடி ஜூலையில் மறுபடி நின்று, மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது செப்டம்பர் 7-ஆம் தேதிதான். ஐந்தரை மாதம். கரையில் மலிவாக வாங்கி இங்கே நியாயமாக விற்கக்கூடிய ஒரே ஆள் அவர், அவருக்கு வண்டி கிடையாது. டாட்டா ஏஸ் வைத்திருந்தவர் வந்தார், பாஸ் எடுத்த செலவு, வழியில் நின்ற நேரம், திரும்பும்போது காலி வண்டிக்குப் பதில் சொன்ன அலுப்பு எல்லாவற்றையும் நண்டு மேல் ஏற்றினார். காலி வண்டி திரும்பலாம் என்று மேலிருந்து உத்தரவு இருந்தது உண்மை. ராத்திரி பதினொரு மணிக்குத் தடுப்பில் நிற்பவரிடம் அதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலில் இந்தக் கரையின் படகுகள் எத்தனை உடைந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் படகைச் சரிசெய்ய வாங்கிய கடன் தீர்வதற்குள் கொரோனா வந்தது. ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியவர் இந்த விலைக்கு விற்கமாட்டேன் என்று சொல்ல முடியாது. விலை விழுந்த வேகத்தில் இதற்கும் பங்கு உண்டு.

சேற்று நண்டின் கதை இன்னும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. பச்சை நண்டு என்று கடையில் சொல்வோமே, காலில் கயிறு கட்டி உயிரோடு விற்பது, அது. அதை உயிரோடுதான் விற்க வேண்டும், உயிரோடுதான் விமானம் ஏற வேண்டும். பெரிய வாங்குபவர்கள் சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், சீனா. சீனப் புத்தாண்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று பிடித்ததைச் சேர்த்து வைப்பார்கள். ஓடு புதிதாக மாறி உள்ளே சதை கட்டாமல் தண்ணீராக இருக்கும் நண்டை வாட்டர் கிராப் என்று கழிப்போம். அதை வாங்கி மூன்று நாலு வாரம் மட்டமான மீன் போட்டுக் கொழுக்க வைப்பது இந்தக் கரையில் சிலருக்குத் தொழில். 2020-ல் சீனப் புத்தாண்டு ஜனவரி 25. வூஹானை அடைத்தது ஜனவரி 23. இங்கே ஊரடங்கு வர இரண்டு மாதம் இருக்கும்போதே, நம் யாருக்கும் முகக்கவசம் என்ற வார்த்தை பழகாதபோதே, சேற்று நண்டுக்காரருக்குக் கொரோனா வந்துவிட்டது.

கொழுக்க வைத்த நண்டை நீங்கள் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பின்பக்கமாகக் காலால் மெல்ல அழுத்தி, இரண்டு கொடுக்கையும் மடக்கி, ஈரக் கயிற்றைக் குறுக்கே இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. கை தெரிந்தவர் அரை நிமிடத்தில் கட்டுவார். கட்டிய நண்டு ஈரச் சாக்கில் சில நாள் தாங்கும். கட்டாவிட்டால் ஒன்றை ஒன்று கொடுக்கை முறித்துப் போடும். கொடுக்கு இல்லாத நண்டுக்கு ஏற்றுமதி கிடையாது. அதனால் ஏற்றுமதி நின்ற செய்தி வந்தபோது கட்டி வைத்ததை அவிழ்த்துக் குளத்தில் விடவும் முடியாமல், கட்டியபடியே வைக்கவும் முடியாமல் தவித்தார்கள். மார்ச் 22-லிருந்து வெளிநாட்டுப் பயணிகள் விமானமும் நின்றது. நண்டுப் பெட்டி போவது பெரும்பாலும் அந்த விமானங்களின் வயிற்றில்தான். ஏப்ரல் 7-ல் சிங்கப்பூரும் அடைத்தது. சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை நண்டு சாப்பிடப் போகும் கடையில் இருப்பது நம் கரை நண்டாகவே இருக்கலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்!

இனி உங்கள் இறால் பண்ணை. இது கொஞ்சம் நீளும், எனக்கு வலித்த இடம்.

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசியபோது எங்கள் குளத்தில் வனாமி இறால் 75 நாள். அறுபது கவுண்ட் தொட்டிருந்தது. கவுண்ட் என்றால் கிலோவுக்கு எத்தனை இறால் என்பது. எண் குறையக் குறைய விலை ஏறும். இன்னும் மூன்று நாலு வாரம் ஓட்டினால் நாற்பது கவுண்ட் பார்க்கலாம் என்பது திட்டம். பேச்சு முடிந்த அரைமணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தது: இறாலை வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு மூடப் போகின்றன, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு. மறுநாளிலிருந்து சுற்றுவட்டாரத்தில் ராப்பகலாக அறுவடை. நூறு கவுண்ட் இறாலைக்கூட வாரினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாரினால் என்ன ஆகும்? வாங்க ஏற்கெனவே ஆள் இல்லை, விலை தினமும் இறங்கியது.

என் கூட்டாளி வாரிவிடலாம் என்றார். நான் பெரிய படிப்பாளி மாதிரி, இரு, பொறு, பயத்தில் விழுந்த விலை பயம் தெளிந்ததும் ஏறும் என்றேன். கணக்கு என்ன தெரியுமா? குளத்தில் மூன்று டன் இறால் இருப்பதாக வையுங்கள். அந்த அளவில் அது உடம்பு எடையில் இரண்டரை சதவீதம் தினமும் தின்னும். எழுபத்தைந்து கிலோ தீவனம். கிலோ எண்பது ரூபாய் என்றால்கூட நாளைக்கு ஆறாயிரம். தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர் ஓடும் கரண்ட், கரண்ட் போனால் டீசல், ராத்திரி ஆள் சம்பளம் எல்லாம் தனி. குளத்து இறால் குதிரில் கிடக்கும் நெல் இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அது நம் பையைத் தின்கிறது.

பத்தாவது நாள் டீலர் போன் செய்தார். தீவன லாரி வரவில்லை, இருக்கிற மூட்டையை ரொக்கத்துக்குத்தான் தருவேன், பழைய கடனையும் கொஞ்சம் கட்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் கம்பெனி அதையே சொல்லியிருக்கும். தீவனத்தைப் பாதியாகக் குறைத்தோம். அன்று ராத்திரி செக் டிரேயை, அதாவது இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கி வைக்கும் தட்டை, தூக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. டார்ச் வெளிச்சத்தில் சிவப்புக் கண்களாக மின்னும், தீவனம் மிச்சம் ஒரு குருணை இல்லை, சுத்தமாக நக்கியிருந்தது. இறாலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் முதுகில் கறுப்பாகக் கோடு ஓட வேண்டும், அதுதான் குடல் நிறைந்திருப்பதற்கு அடையாளம். கோடு விட்டு விட்டு இருந்தது. டிரேயின் மூலையில் ஒரு வெறும் தலை. ஓடு உரித்த இறால் மெத்தென்று இருக்கும், பசித்த இறால் அதைத்தான் முதலில் தின்னும். எண்ணிக்கை குறைகிறது, வளர்ச்சியும் இல்லை.

ஏப்ரல் பாதியில் கம்பெனிகள் பாதி ஆட்களோடு திறந்தபோது வாரினோம். கிலோவுக்குக் கிடைத்த விலை பயந்து விற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். தீவனத்தையும் செத்ததையும் கழித்தால் என் படிப்புக்கும் அவர்கள் பயத்துக்கும் கணக்கில் வித்தியாசமே இல்லை. கூட்டாளி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார், விசேஷ வீடுகளில் முக்கியமாக.

இதில் லாபம் பார்த்தது யார் என்றால், குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்த பெரிய ஏற்றுமதியாளர்கள். இறால் உறைந்துவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் மலிவாக வாங்கி உறைய வைத்து, விலை தெளிந்ததும் விற்க முடிந்தது. ஆனால் அவர்களுக்கும் பாதி நாள் தோலுரிக்க ஆள் இல்லை, கண்டெய்னர் கிடைக்கவில்லை, அப்புறம் சீனத் துறைமுகத்தில் வேறு தொல்லை. ஆகவே அதையும் சுத்தக் கொள்ளை என்று நான் எழுத மாட்டேன்.

குஞ்சு விஷயம் தனி வேடிக்கை. நாம் வளர்க்கும் வனாமி நம் கடல் இறால் இல்லை. மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்கும் உள்ள பசிபிக் கரைக்காரன். 2009-ல்தான் இந்தியாவில் அனுமதி. தாய் இறால் அமெரிக்காவிலிருந்து, ஹவாய், புளோரிடா பக்கத்திலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் இருக்கும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய் இல்லை என்று பார்த்த பிறகு பொரிப்பகத்துக்குப் போகும். நமக்கெல்லாம் 2020-ல் பழகிய தனிமைப்படுத்தல் இறாலுக்குப் பத்து வருடம் முன்பே பழக்கம். பொரித்த குஞ்சுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியா என்ற பொடி உயிரினத்தின் முட்டையில் பெரும் பங்கு அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியிலிருந்து டப்பாவில் வருகிறது. விமானம் நின்றதும் இந்த இரண்டின் வரத்தும் தடைபட்டது. முதல் சில வாரம் வாங்க ஆளில்லாமல் பொரிப்பகங்கள் குஞ்சைக் கொட்டின. தைரியம் வந்து குளத்தில் குஞ்சு விட நினைத்தவர்களுக்கு மே, ஜூனில் நல்ல குஞ்சு இல்லை. கிழட்டுத் தாயிடம் எடுத்த குஞ்சு வந்தது, குளத்தில் சீராக வளரவில்லை. தொற்றின் அடி இறால் விலையில் ஒரு மாதம் தெரிந்தது, குஞ்சின் தரத்தில் அந்த வருடம் பூராவும் தெரிந்தது. இதைப் பேசுகிறவர்கள் குறைவு.

நாடு முழுக்கப் பார்த்தால் கணக்கு இப்படி: 2019-20-ல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி 12.89 லட்சம் டன், 46,662 கோடி ரூபாய். 2020-21-ல் 11.49 லட்சம் டன், 43,717 கோடி. அடுத்த வருடமே 13.69 லட்சம் டன், 57,586 கோடி என்று பழையதைத் தாண்டிப் போய்விட்டது. காரணம், உணவகம் மூடியதால் அமெரிக்கர்கள் வீட்டில் சமைத்தார்கள், தோலுரித்து உறைய வைத்த இறால் சூப்பர் மார்க்கெட்டில் நன்றாகப் போனது. ரூபாயில் ஆறு சதவீதம் சரிவு என்று இதைப் படித்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். வருடக் கணக்கு மார்ச்சில் மூடும். இரண்டு குளக்காரனின் கணக்கு அந்த ஓர் அறுவடையோடு மூடிவிடும். மறுவருடம் தாண்டிப்போன 57,586 கோடியில் நான் இல்லை. 2020 அக்டோபரில் குளத்தை விட்டுவிட்டேன்.

சிப்பி, மட்டி வளர்ப்பவர்களுக்கு இதே தொற்று வேறு மாதிரி அடித்தது. நம் ஊரில் சிப்பி சாப்பிடும் வழக்கம் இல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிப்பிக்குத் தீவனச் செலவே கிடையாது, கடல் தண்ணீரை வடிகட்டித் தின்று தானாக வளரும். அப்படியானால் விற்காவிட்டால் என்ன, கிடக்கட்டும் என்று தோன்றும். அமெரிக்காவில் ஆளிச்சிப்பியை உயிரோடு திறந்து பச்சையாகச் சாப்பிடுவது உணவகத்தில்தான். வீட்டில் அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உணவகம் மூடியதும் சிப்பி கடலிலேயே கிடந்தது, வளர்ந்தது, தட்டுக்கு ஏற்ற மூன்று அங்குலத்தைத் தாண்டியது. தாண்டினால் உணவகக்காரர் வாங்க மாட்டார். கூண்டில் நெரிசல், மேலே பாசியும் பூச்சியும். கடைசியில் இரண்டு தொண்டு அமைப்புகள் சேர்ந்து 2020 அக்டோபரில், மிஞ்சிய சிப்பிகளில் ஐம்பது லட்சத்தை விலைக்கு வாங்கி, அழிந்துபோன சிப்பிப் பாறைகளை மீட்கக் கடலிலேயே விடும் திட்டத்தை ஆரம்பித்தன. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த புத்திசாலித்தனம் இது ஒன்றுதான். நமக்குப் பக்கத்தில் கேரளாவில், காசர்கோடு படன்னா பக்கம், கயிற்றில் கல்லுமக்காய் என்ற சிப்பியை வளர்ப்பவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. அவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் எடுத்தாக வேண்டும். ஜூன் மழை இறங்கி உப்பங்கழியில் நல்ல தண்ணீர் கலந்தால் கயிற்றிலேயே சாகும். ஊரடங்கு சரியாக அந்த இரண்டு மாதத்தில் வந்தது.

சீனாவில் இறால் பெட்டியில் வைரஸ் என்று அப்போது ஒரு செய்தி ஓடியது, நீங்களும் படித்திருப்பீர்கள். 2020 ஜூலையில் ஈக்வடார் நாட்டு இறால் வந்த கண்டெய்னரின் சுவரிலும் பெட்டியின் வெளிப்பக்கத்திலும் வைரஸின் தடயம் இருந்ததாகச் சீனச் சுங்கத்துறை சொல்லி, மூன்று நிறுவனங்களின் இறக்குமதியை நிறுத்தியது. அப்புறம் பெட்டி ஒவ்வொன்றையும் சோதிக்கிறோம் என்று துறைமுகத்தில் கண்டெய்னர்கள் நாள்கணக்கில் நின்றன. இறாலுக்கோ நண்டுக்கோ இந்த நோய் வருவதில்லை, அவற்றின் உடம்பில் இந்தக் கிருமி பெருகவும் செய்யாது. சாப்பிட்டு யாருக்கும் தொற்றியதாக ஆதாரம் இல்லை என்றுதான் உலக சுகாதார அமைப்பும் சொன்னது. ஆனால் வூஹானில் முதலில் பேர் அடிபட்டது ஒரு கடல் உணவுச் சந்தை. அந்தப் பேர் போதும். காரைக்குடியில் ஏப்ரல் மாதம் எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் மீனை மஞ்சள் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத்தான் சமைப்பார். அவர் வீட்டு நண்டு ரசம் அந்த மாதம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வியாபாரத்துக்கு உண்மையான அடி மெஸ்ஸும் விசேஷமும் நின்றதுதான். பெரிய நண்டும் இருபது, முப்பது கவுண்ட் இறாலும் வீட்டுச் சரக்கு இல்லை. கானாடுகாத்தான் பக்கத்து பங்களா ஹோட்டல்களுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், கல்யாணம் முடிந்து கறி விருந்து இருக்கும், அதற்குத்தான் அந்தச் சரக்கு. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்றதும் கறி விருந்தும் போனது. வீடுகள் வாங்கியது சாளை, காரல், சின்ன இறால். 2021 இரண்டாம் அலையில் சனி, ஞாயிறு மீன் கடை கிடையாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை விற்காத மீன் கடை, தை மாதம் விற்காத கரும்புக் கடை மாதிரிதான்.

சரி, குத்தகை எடுக்கலாமா? நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் குளத்தங்கரையில் நடந்தது ஏறக்குறைய 2020 மாதிரியேதான்: செய்தி வந்த மறுநாள் விலை இறங்கியது. காரணம் கிருமியாக இருந்தால் என்ன, கையெழுத்தாக இருந்தால் என்ன, நம் இறாலை அதிகம் வாங்குவது அந்த ஒரே நாடுதான். அதனால் குளத்தைப் பார்க்கும்போது மண்ணையும் தண்ணீரையும் மட்டும் பார்க்காதீர்கள். எல்லாக் குளத்திலும் ஒரே நாளில் குஞ்சு விடாதீர்கள், மூன்று வாரம் தள்ளித் தள்ளி விடுங்கள். சதுர மீட்டருக்கு அறுபது வரை விடலாம் என்பது சட்டம், முப்பது விட்டால் தீவனம் இல்லாத பத்து நாளைத் தாண்ட முடியும். ஒரு பயிருக்கான தீவனத்தில் கடைசி மூன்று வாரப் பங்கையாவது உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கப் பாருங்கள். டீலர் கடனில் இருக்கும்வரை எப்போது வாருவது, யாருக்கு விற்பது இரண்டையும் அவர்தான் சொல்வார். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டையில் நேரடியாக வாங்கும் பத்து மெஸ்ஸை இப்போதே பழகி வையுங்கள். டன் கணக்கில் வாங்க மாட்டார்கள், ஆனால் கம்பெனி வாங்காத வாரத்தில் ஆள் சம்பளத்துக்கு ஆகும். நானே வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வரும் அக்கா இப்போது பஸ்ஸில் வருவதில்லை. ஊரடங்கு சமயத்தில் அவர் மகன் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் வாங்கினார், பின்னால் தெர்மாகோல் பெட்டி. முதல் நாள் ராத்திரியே போனில் என்ன மீன் என்று சொல்லிவிடுவார், ஆர்டர் எடுத்த பிறகுதான் கரையில் ஏலத்துக்கே போவார். பேரம் மட்டும் பழையபடி முகப்பில்தான்.

பண்ணையை மறுபடி பார்க்கப் போகும்போது மூன்றை மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். கரண்ட் கனெக்ஷன் யார் பேரில் இருக்கிறது, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இன்னும் செல்லுமா, பக்கத்து ஐஸ் கம்பெனி தடைக்காலத்தில் ஓடுகிறதா. அதைப் பார்த்துவிட்டுக் குத்தகைத் தொகையைப் பேசலாம்.